மாஸ்டரிடமே இருப்பதா, ஜிம் மாறுவதா? கடலூர், புதுச்சேரி பாக்ஸர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் என் பையை எத்தனையோ முறை திறந்து பார்த்திருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து இரவு ஒன்பதரைக்கு வரும் பஸ்ஸில் ஓர் இளைஞன் பெரிய பையோடு உட்கார்ந்திருந்தால் உள்ளே பாட்டில் இருக்கும் என்று நினைப்பது நியாயம்தான். இருந்ததெல்லாம் வியர்வையில் ஊறிய ஹேண்ட் ராப்பும் (கையில் சுற்றும் துணிப்பட்டை) க்ளவுஸும். ஜிப்பைத் திறந்ததும் வரும் வாசனைக்கே காவலர் மூடிவிடுவார்.

அப்படி நான்கு மாதம் போய் வந்தேன். கடலூரில் மூன்று வருடம் என்னை வளர்த்த மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மாவட்டப் போட்டியில் தோற்ற மறுநாளே கிளம்பியவன் நான். அந்த மாற்றம் தப்பு. பல வருடம் கழித்து வேறொரு ஜிம்மிலிருந்து ஒரே சாயங்காலத்தில் வெளியே வந்தேன். அது சரி. இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று யோசித்து யோசித்துச் சேர்த்ததுதான் இந்த வழிகாட்டி. இப்போது சாயங்காலங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பேட் (குத்துகளை வாங்கிக்கொள்ளும் கைமெத்தை) பிடிக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது தயங்கித் தயங்கி இதே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள்.

எல்லாருடைய குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். மாஸ்டருக்குப் பட்டிருக்கும் நன்றிக்கடனும், அவரிடமே பயிற்சியைத் தொடர்வதும் தனித்தனிக் கணக்கு. நாம் ஒரு கணக்கின் பாக்கியை இன்னொன்றிலிருந்து எடுத்துக் கட்டப் பார்க்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம். அதற்காகத் தப்பான ஸ்டான்ஸில் (நிற்கும் நிலை) பத்து வருடம் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

1. முடிவெடுக்கக் கூடாத நாட்களைத் தள்ளிவிடுங்கள்

தோற்ற வாரம், எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய வாரம், காயத்தோடு வீட்டில் கிடக்கும் வாரம், நண்பன் புது ஜிம்மில் எடுத்த ரீல்ஸைப் பார்த்துப் பொறாமைப்பட்ட வாரம். இந்த நான்கிலும் ஜிம் மாற்றும் யோசனை வந்தால் காலண்டரில் மூன்று வாரம் தள்ளி ஒரு தேதியை வட்டமிட்டுவிட்டு, வழக்கம்போல வகுப்புக்குப் போங்கள். வட்டமிட்ட நாளிலும் அதே எண்ணம் இருந்தால் அடுத்த படிக்கு வரலாம்.

தோற்ற பிறகு மாற்றி ஜெயித்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 1994 செப்டம்பரில் லண்டனில் ஆலிவர் மெக்கால் ஒரே வலது கைக் குத்தில் லெனாக்ஸ் லூயிஸைச் சாய்த்தார். இரண்டாவது ரவுண்டிலேயே ஆட்டம் முடிந்து ஹெவிவெயிட் பட்டம் போனது. மெக்காலின் கார்னரில், அதாவது ரிங்கின் மூலையில் நின்று வழிநடத்தும் பயிற்சியாளராக, இருந்தவர் இமானுவேல் ஸ்டீவர்ட். லூயிஸ் பிறகு அந்த ஸ்டீவர்டையே தன் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டார். 1997ல் மெக்காலை வென்றார். 1999ல் ஹோலிஃபீல்டை வென்று மறுக்க முடியாத உலகச் சாம்பியன் ஆனார். தன்னை வீழ்த்தும் திட்டத்தைப் போட்டவர் யார் என்று பார்த்து, அவரைத் தேடிப் போனார் அவர். நான் தோற்ற மறுநாள் தேடியதோ ஏசி போட்ட ஜிம்மை.

2. தலைக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்

மூன்று வாரம் பொறுங்கள் என்று மேலே சொன்னதற்கு ஒரே விலக்கு இது. கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் பின்னால் நான்காம், ஆறாம் படிகளில் வரும் நோட்டு, பேச்சுவார்த்தை எதுவும் வேண்டாம். அன்றைக்கே கிளம்பலாம்.

தலையில் பலமாக வாங்கித் தடுமாறிய பிள்ளையை "ஒண்ணும் இல்லடா, போ" என்று திரும்ப ரிங்குக்குள் அனுப்புவது. அமெச்சூர் விதிப்படி தலையில் வாங்கிய அடியால் ஆட்டம் நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் போட்டியும் கிடையாது, ஸ்பாரிங்கும் (பார்ட்னரோடு ஆடும் பயிற்சி ஆட்டம்) கிடையாது. போட்டிக்கே அந்த விதி என்றால், சாதாரண செவ்வாய்க்கிழமை ஸ்பாரிங்குக்கு அதைவிடக் குறைவான அக்கறை எப்படிப் போதும்?

நான் ஒரே நாளில் வெளியேறிய கதை இங்கேதான் வருகிறது. என்னைவிடப் பன்னிரண்டு கிலோ கூடுதல் எடை உள்ளவரோடு ஏற்றினார்கள். மூன்றாவது ரவுண்டில் காதுக்கு மேல் ஒன்று விழுந்தது. கீழே விழவில்லை, ஆனால் ரிங்கின் மூலைகள் இடம் மாறின. இறங்கினேன். ராத்திரி முழுக்கக் குமட்டல், டியூப் லைட்டைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை போன் செய்து சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்: "சாயங்காலம் வா, வியர்த்தா சரியாயிடும்." சாயங்காலம் போனேன், க்ளவுஸை எடுத்துக்கொண்டு வருவதற்கு. தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுவது, நடந்ததை மறப்பது, காரணமில்லாத எரிச்சல் இதெல்லாம் மூளை குலுங்கியதன் அடையாளம். அரசு மருத்துவமனையோ ஜிப்மரோ, டாக்டரிடம் போங்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை ஸ்பாரிங் பேச்சே வேண்டாம்.

ஹெட்கார்டு போட்டிருந்தோமே என்று சிலர் சொல்வார்கள். ஹெட்கார்டு புருவம் கிழிவதைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுத்துவிடாது. 2013லேயே சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் வயது வந்த ஆண்கள் பிரிவுக்கு அதை எடுத்துவிட்டார்கள். ஸ்பாரிங்கில் ஹெட்கார்டும் மவுத் கார்டும் 16 அவுன்ஸ் க்ளவுஸும் கட்டாயம்தான். ஆனால் உண்மையான பாதுகாப்பு ரிங்குக்கு வெளியே நின்று "போதும், இறங்கு" என்று சொல்லும் வாய்தான். உங்கள் மாஸ்டர் கடைசியாக எப்போது ஒரு ஸ்பாரிங்கை நடுவில் நிறுத்தினார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

அப்புறம், எடை குறைக்க மே மாத மத்தியானத்தில் பிளாஸ்டிக் உடை மாட்டி சில்வர் பீச் மணலில் ஓடவிட்டுத் தண்ணீர் தராமல் வைத்திருப்பது. பெயர் தெரியாத மாத்திரை, ஊசி. பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பது. பெண் பிள்ளையைத் தனியாக வரச்சொல்லி, கதவைச் சாத்திப் "ஸ்பெஷல் கோச்சிங்" கொடுப்பது. கடைசியாகச் சொன்னதற்குக் கிளம்புவது மட்டும் போதாது. வீட்டில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

3. எதற்காகக் குத்துகிறீர்கள்?

உடம்பு இளைக்க வருபவருக்கும் மாநிலப் போட்டியில் நிற்க நினைப்பவருக்கும் ஒரே ஜிம் நல்ல ஜிம்மாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வாரம் மூன்று நாள் வருகிறவருக்கு வீட்டுப் பக்கத்து மாஸ்டர், கலகலப்பான கூட்டம், முறையான வார்ம் அப் இருந்தால் போதும். அவர் இந்த வழிகாட்டியின் மிச்சத்தைப் படிக்காமல் ஸ்கிப்பிங் கயிறை எடுத்துக்கொண்டு போகலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, ராணுவம், போலீஸ் என்று கணக்குப் போடுபவர்கள் மேலே படியுங்கள்.

4. எட்டு வாரம் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். வகுப்பு முடிந்து, வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போனால் சாப்பாடும் தூக்கமும் மறக்கடித்துவிடும். எழுத வேண்டியவை: இன்று மாஸ்டர் எனக்கென்று சொன்ன திருத்தம் என்ன, அதைச் சரிசெய்யப் பயிற்சி எதுவும் கொடுத்தாரா, சத்தம் மட்டும் போட்டாரா, பேட் பிடித்தது யார், எத்தனை ரவுண்ட், போன வாரம் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வைத்துக் கேட்டாரா.

இதில் தங்கம் இரண்டாவது கேள்வி. ஜாப் (முன்கையால் போடும் நேர்க்குத்து) போடும்போது வலது கை தாடையை விட்டுக் கீழே இறங்கும் பழக்கம் எனக்கு இருந்தது. "கையை ஏத்துடா!" என்று இரண்டு வருடம் கேட்டிருக்கிறேன். இறங்கியது இறங்கியபடிதான். பிறகு ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? சுருட்டிய ஹேண்ட் ராப்பை என் வலது க்ளவுஸுக்கும் கன்னத்துக்கும் நடுவே வைத்து, அது விழாமல் மூன்று ரவுண்ட் ஜாப் போடச் சொன்னார். விழுந்தால் ரவுண்ட் முதலிலிருந்து. முதல் நாள் ஒரு ரவுண்டைக்கூட முடிக்க முடியவில்லை. மூன்று வாரத்தில் கை தங்கிவிட்டது. தப்பு கண்ணில் படுவது பெரிய விஷயமில்லை, பக்கத்தில் நிற்கும் பையனுக்கும் அது தெரியும். அந்தத் தப்புக்குத் தகுந்த பயிற்சியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்குத்தான் மாஸ்டர். எட்டு வாரத்தில் அப்படி இரண்டு பயிற்சிகள் நோட்டில் ஏறியிருந்தாலே உங்கள் மாஸ்டர் உங்களைப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரமும் கடைசி வாரமும் மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்ட், நடுவே ஒரு நிமிட இடைவெளியோடு வீடியோ எடுங்கள். முடிந்தால் இரண்டு முறையும் அதே பார்ட்னர். முதல் ரவுண்டைப் பார்த்து மயங்காதீர்கள், அதில் எல்லாரும் சாம்பியன்தான். மூன்றாவது ரவுண்டின் கடைசி முப்பது வினாடியைப் பாருங்கள். கால் பின்னுகிறதா, குத்திவிட்டு அதே இடத்தில் நிற்கிறீர்களா, வாய் திறந்திருக்கிறதா? இரண்டு வீடியோவிலும் ஒரே காட்சி என்றால் எட்டு வாரம் எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

போட்டிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் எழுதுங்கள்: இடைவெளி ஒரு நிமிடத்தில் கார்னரில் மாஸ்டர் பேசியது. நல்ல கார்னர் முதலில் மூச்சு வாங்க விடும், வாய் நனைக்கத் தண்ணீர் தரும், பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லும். "அவன் ஜாபுக்கு இடது பக்கம் நகரு." அவ்வளவுதான். மோசமான கார்னரில் பத்து விஷயம் வரும், கூடவே திட்டில் அம்மா அப்பாவும் வருவார்கள்.

5. உங்கள் பக்கக் கணக்கு

வாரம் ஐந்து நாள் என்றால் எட்டு வாரத்துக்கு நாற்பது வகுப்பு. நான் புதுச்சேரிக்கு ஓடுவதற்கு முந்தைய எட்டு வாரத்தை மாஸ்டரின் வருகைப் பதிவில் பிறகு எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று. காலை ஓட்டம் அதைவிட மோசம். மாஸ்டர் எனக்குக் கவனம் தரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். நாற்பதுக்கு முப்பத்திரண்டு இல்லாமல் மாஸ்டரைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம் என்பது என் கட்சி.

6. மாஸ்டரிடம் பேசுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் படி இது. வாட்ஸாப்பில் நீளமாக எழுதாதீர்கள். மற்ற பிள்ளைகள் இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். வகுப்பு முடிந்து, குத்தும் பேக்கெல்லாம் ஆடி நின்ற பிறகு, பெருக்குமாறை எடுத்து நீங்களும் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டே தொடங்கலாம்:

"மாஸ்டர், ஒரு அஞ்சு நிமிஷம். ரெண்டு மாசமா வீடியோ எடுத்துப் பாத்தேன். மூணாவது ரவுண்டுல கை இறங்கிடுது, கால் பின்னுது. இதுக்கு நான் என்ன பண்ணணும்? அடுத்த மூணு மாசத்துல என்னை எங்க கொண்டு போகலாம்னு நீங்க நினைக்கிறீங்க?"

குற்றச்சாட்டு எதுவும் இதில் இல்லை. கேள்விகள் இரண்டுதான். பதிலைக் கவனியுங்கள். "எங்க காட்டு" என்று வீடியோவைக் கையில் வாங்கினால் பாதி முடிவு ஆகிவிட்டது. திட்டிவிட்டு மறுநாள் எதுவும் சொல்லாமல் உங்களுக்கு மட்டும் தனியாகத் தரையில் ஏணி வரைந்து ஃபுட்வொர்க் கொடுத்தால், அதுவும் பதில்தான். நம் ஊர் மாஸ்டர்களில் பலர் அந்த ரகம். வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். "என்னையே கேள்வி கேக்குற அளவுக்கு வளந்துட்டியா" என்பதோடு நின்று, இரண்டு வாரம் போயும் எதுவும் மாறவில்லை என்றால் சரி, அடுத்த படி.

சிலர் நேர்மையாகவே சொல்லிவிடுவார்கள்: "தம்பி, எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். உன் எடைக்கு இங்க பார்ட்னரும் இல்ல." இப்படிச் சொல்லும் மாஸ்டரைக் கடைசி வரை விட்டுவிடாதீர்கள், ஜிம் மாறினாலும்.

7. புது இடத்தை வேடிக்கை பாருங்கள்

டிரையல் வகுப்பை நம்பாதீர்கள். அன்றைக்கு நீங்கள்தான் மாப்பிள்ளை. எல்லாக் கவனமும் உங்கள் மேல் இருக்கும். புதுச்சேரியில் எனக்கு அப்படித்தான் ஆனது. பளபளவென்று பேட், டப் டப் என்று சத்தம், ஒருவர் போனில் படம் பிடித்தார். நான்கு மாதம் அந்தப் பேட் ஆட்டத்தில் என் கை வேகம் ஏறியது உண்மை. ஆனால் எதிரே இருந்து திரும்ப எதுவும் வராததால் தலையை அசைப்பதை மறந்துவிட்டேன். முதல் போட்டியில் அது தெரிந்தது.

அதனால் இரண்டு நாள், வெவ்வேறு கிழமையில், ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்து பார்க்கவே விடமாட்டேன் என்றால் அங்கே வேலை இல்லை. நட்சத்திர வீரரைப் பார்க்காதீர்கள், அவர் எங்கிருந்தாலும் வந்திருப்பார். பின்வரிசையில் வந்து ஒரு மாதமான பிள்ளையைப் பாருங்கள். அவன் கால் வைப்பை யாராவது திருத்துகிறார்களா, அல்லது சீனியர் பையனிடம் தள்ளிவிட்டு மாஸ்டர் போன் பார்க்கிறாரா? ஒரு வருடமான பிள்ளைக்கும் ஒரு மாதமான பிள்ளைக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் தெரிகிறதா? உங்கள் எடையில் எத்தனை பேர்? ஐந்து கிலோவுக்குள் இரண்டு பேராவது இல்லாவிட்டால் ஸ்பாரிங் வீண். பெண் என்றால், உடை மாற்ற இடம் இருக்கிறதா, வேறு பெண்கள் தொடர்ந்து வருகிறார்களா என்பதையும் பாருங்கள்.

சான்றிதழ் கேட்கலாம். பாட்டியாலாவில் 1961ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பாக்ஸிங் டிப்ளமோ மதிப்புள்ளது. ஃபிட்னஸ் டிரெய்னர் படிப்பு வேறு, அது பாக்ஸிங் கற்றுக்கொடுக்கும் தகுதி ஆகாது. ஆனாலும் காகிதம் எதுவும் இல்லாத ஒரு பழைய பட்டாளத்துக்காரரிடம் நான் கற்றது அதிகம், அதையும் சொல்லியாக வேண்டும்.

8. பெண்ணையாற்றைத் தாண்டுவதற்கு முன்

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நமக்குச் சும்மா பழமொழி இல்லை, நடுவே நிஜமாகவே ஆறு ஓடுகிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 25 கிலோமீட்டர். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று பஸ் போக ஒரு மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜிம்முக்குப் போவது தனி. வாரம் ஐந்து நாள் என்றால் போக்குவரத்துக்கே பத்து மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட பயிற்சி நேரம் அளவுக்கு. அந்தப் பத்து மணி தூக்கத்திலிருந்துதான் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வேறு.

காகித விஷயம் அதைவிட முக்கியம். கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். மாநிலத் தேர்வு இரண்டுக்கும் தனித்தனி. ஜிம் மாறினால் நீங்கள் ஆடும் மாநிலம் தானாக மாறாது. பள்ளிப் பிள்ளை என்றால் படிக்கும் பள்ளி எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்து வரும். பதிவு எங்கே இருக்கிறது, யார் பெயரில் அனுப்புவார்கள், கார்னரில் நிற்கப்போவது யார் என்று இரண்டு பக்கமும் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். ஜூனியர் என்பது 15, 16 வயது. யூத் என்பது 17, 18. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டே வருடம்தான். தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் ஜிம் மாறி, பதிவுச் சிக்கலில் ஒரு வருடத்தை இழந்த பையனை எனக்குத் தெரியும்.

ஒரேயடியாக மாறுவது மட்டும்தான் வழி என்றில்லை. அடிப்படைப் பயிற்சி இங்கே, சனி ஞாயிறு ஸ்பாரிங் அங்கே என்று இரண்டு மாஸ்டருக்கும் தெரிந்தே வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் "தெரிந்தே" என்பதுதான் முக்கியம். நம் ஊரில் ரகசியம் ஆல்பேட்டை வரைகூடத் தாங்காது.

9. கிளம்புவது என்றால்

நேரில் போங்கள். மாதக் கட்டணம் பாக்கி இருந்தால் முதலில் கட்டுங்கள். ஜிம் க்ளவுஸ் வீட்டில் இருந்தால் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். பழமோ ஸ்வீட்டோ வாங்கிப் போவது நம் வழக்கம், செய்யலாம். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "மாஸ்டர், என் வெயிட்ல பார்ட்னர் வேணும், அதுக்காகப் போறேன்." குறைகளைப் பட்டியல் போட வேண்டாம், அதற்கான நேரம் ஆறாம் படியில் முடிந்துவிட்டது. கோபப்பட்டால் கேட்டுக்கொண்டு வாருங்கள். சொல்லாமல் குரூப்பிலிருந்து வெளியேறுவது, கூட இரண்டு பேரைக் கிளப்பிக்கொண்டு போவது, புது இடத்தில் பழைய மாஸ்டரைப் பற்றிக் கதை சொல்வது இந்த மூன்றும் வேண்டாம். அப்படிக் கதை சொல்பவனைப் புது மாஸ்டரும் நம்பமாட்டார். நாளைக்கு நம் கதையும் வெளியே போகும் என்று அவருக்குத் தெரியும்.

10. முதல் மூன்று மாதம்

ஆட்டம் முதலில் கெடும். கால் வைப்பை மாற்றுவார்கள், பழைய பார்ட்னரிடம்கூட அடி வாங்குவீர்கள். ஆறாவது வாரத்தில் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும். "அங்க மாஸ்டர் இப்படிச் சொன்னாரே" என்ற வாக்கியத்தை மூன்று மாதத்துக்கு வாயில் வைக்காதீர்கள். புது நோட்டு போடுங்கள், நான்காம் படியின் அதே கேள்விகள், அதே வீடியோ. மூன்று மாதத்துக்குள் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

நான் நான்கு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம் கடலூர் ஜிம் வாசலில் போய் நின்றேன். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. "ஸ்கிப்பிங் மூணு ரவுண்ட்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் எனக்குப் பேட் பிடிக்கவில்லை. அடுத்த பதினொரு நாளும் பிடிக்கவில்லை. நாளை எண்ணினேன் என்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.